இரண்டு மணி நேரக் குத்தகை

ஜுபைல், ஆறாம் எண் முகாம்.
வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கரை.
ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து, குட்டித் தூக்கமும் முடிந்து
அறுநூறு பேர் ஒரே சமயத்தில்
ஊருக்குப் பேச எழுகிறார்கள்.

கையிருப்பு இருநூற்று நாற்பத்தோரு எண்கள்.
பத்திலிருந்து இருநூற்று ஐம்பது வரை.
இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஸ்விட்ச்சுக்குத் தூசி தட்டுவது என் வேலை.
"வைஃபை இருக்கு, நெட் இல்ல" என்பதை
ஐந்து மொழியில் கேட்டுத் தலையாட்டுவதும்.

உள்ளே நடப்பது இதுதான்:
வந்து நிற்கும் போனுக்கு முகவரி கிடையாது,
நான்கு சுழியம்தான் அதன் பெயர்.
யாரைக் கேட்பதென்று தெரியாததால்
எல்லாரையும் கேட்கிறது,
மெஸ்ஸில் காலித் தட்டோடு நின்று
பொதுவாகக் குரல் விடுகிறவன் மாதிரி:
இங்கே எண் கொடுக்கிறவர் யாராவது உண்டா?
அலமாரிக்குள்ளிருந்து பெட்டி சொல்கிறது:
நூற்றுப் பதினேழு காலி, வேண்டுமா?
அதையே கொடு என்கிறது போன்.
அதையும் ஊரறியச் சொல்கிறது,
வேறு யாராவது வேறு எண்ணை நீட்டியிருந்தால்
மடக்கிக்கொள்ளட்டும் என்று.
சரி, எட்டு நாள் உனக்கு.
நான்கே வாக்கியம். கண் மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும்.
என் இக்காமாவுக்கு நான்கு மாதம் ஆனது,
அதை விடுங்கள்.

இந்த எட்டு நாள்தான் சிக்கல்.
சிமெண்ட் இறக்க வந்த டிரைவர்
சாயா ஆறுவதற்குள் ஓர் எண்ணை வாங்கிவிடுகிறான்.
அவன் தம்மாம் தாண்டிப் போன பிறகும்
அது அவன் பெயரிலேயே கிடக்கிறது,
துண்டு போட்டுப் பிடித்த பஸ் சீட்டாக.

கேட்டுக் கேட்டுப் பதில் வராத போன்
கடைசியில் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளும்.
நூற்று அறுபத்தொன்பது என்று தொடங்கும்.
திரையில் அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.
அதே கதியில் கிடக்கும் பக்கத்துக் கட்டிலோடு
அதை வைத்துப் பேசலாம்.
சுவரைத் தாண்ட முடியாது.

பதினேழாம் அறை அமலதாசன் ஒருமுறை
கோபாரில் வாங்கிய பழைய ரௌட்டரைச் சுவரில் செருகினான்,
அறைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சிக்னல் வேண்டி.
அதுவும் எண் கொடுக்க ஆரம்பித்தது.
என் பெட்டியைவிட வேகமாக,
தாராளமாக, அத்தனையும் தப்பாக.
பாதி முகாம் அன்றிரவு
எங்கும் திறக்காத ஒரு வாசலைத்
தட்டிக்கொண்டிருந்தது.
கதவு கதவாகத் தேடி இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தேன்.
"நல்லதுக்குத்தானே அண்ணே" என்றான்,
போர்வைக்குள்ளிருந்து.

இன்று பட்டியலைத் திறந்தேன்.
சாம்சங், ரெட்மி, மறுபடி சாம்சங், பெயரில்லாதது,
தாமாங்கின் போன், தாமாங்கின் இன்னொரு போன்.
அறுபத்து மூன்றில்: தவசிக்கண்ணு வெல்டர்.
செவ்வாய் இரவே எக்ஸிட் அடித்துப் போய்விட்டவர்.
இன்னும் ஐந்து நாள் பாக்கி காட்டுகிறது.

போகும்போது சொல்லிக்கொள்ளவும் ஒரு வாக்கியம் உண்டு,
எண்ணைத் திருப்பித் தருகிறேன் என்று.
எந்தப் போனும் சொல்வதில்லை.
பஸ் கேட்டைத் தாண்டும்,
சிக்னல் ஒவ்வொரு கோடாகச் சரிந்து அறும், அவ்வளவுதான்.
அவர் என்னிடமும் சொல்லவில்லை.
நூற்றைம்பது ரியால் தரவேண்டியிருந்தது,
அதனாலும் இருக்கலாம்.

குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன்.
பழைய குத்தகைக்குப் புதுச் சட்டம் செல்லாது.
ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்து
பதில் இல்லாததைக் கையால் அழிக்க வேண்டும்.
டிரைவர்கள் முப்பத்தெட்டு.
போன மாதம் ஏசி பார்க்க வந்தவர்கள் இல்லை,
நேற்று வந்தவர்கள் ஏழு.
அறுபத்து மூன்றை மூன்று தடவை கூப்பிட்டேன்.
ஒரு தடவை போதும். தெரியும்.

அழித்து, டம்ளரை எடுப்பதற்குள்
அறுபத்து மூன்று மறுபடி நிரம்பிவிட்டது.
ரியல்மி. வேறு விவரம் இல்லை.
தாழ்வாரத்தில் யாரோ ஒருவன்
காதில் போனை அழுத்திக் கத்துகிறான்:
ஹலோ, கேக்குதா?
ஹலோ?